தைக்காமல் விட்ட கால்

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? பிரஷர் மாத்திரையை விழுங்குகிறீர்களா, எண்ணிப் பார்த்துவிட்டு டப்பாவை மூடிவிடுகிறீர்களா? நான் நலம்.

நிலநடுக்கத்தில் கால் நசுங்கிய தையல்காரர் ஒருவர் எங்கள் மருத்துவக் கூடாரத்துக்கு வந்தார். காலை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும். அதற்குச் சம்மதித்தவர், வெட்டிய இடத்தை ஐந்து நாள் திறந்தே வைத்து, சீழ் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே தைப்போம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வெட்டிட்டுத் தைக்காம அனுப்பினா என் கடைக்கு எவனாவது வருவானா?"

"ட்ரையல் பார்க்காம நீங்க முழுசாத் தைப்பீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கையெழுத்துப் போட்டார்.

நேற்றுத் தைத்து முடித்தேன். கட்டுப் போடும் முன் குனிந்து பார்த்தவர், "தையல் சுமார்தான். ஆனா பிரியாது" என்றார். பிறகு என் தோளைப் பார்த்து, "கோட்டு ரெண்டு இன்ச் தொங்குது. சாப்பிடுறீங்களா இல்லையா?" என்றார். நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். அவர் கண்ணளவை நம்பாதீர்கள்.

தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். இப்போது உங்கள் தலையணையில் இருப்பதே போதும், துவைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், கோட்டு இல்லாமல்தான் ஓட வேண்டும். அதைத் தையல்காரர் வாங்கி வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தே தொளதொளப்பைப் பிடித்துத் தைக்கிறார், மிஷினை ஒரு காலால் மிதிக்க முடியுமா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டபடி.

உங்கள்
கத்திக்காரி