மணல் காலியாக இருந்த நாள்

21 ஜூலை, திங்கள்
கடற்கரையை அளந்து வரைபடம் போடுகிறார்களாம். அதிகாரி சண்முகசுந்தரம் என் மீன்கடைக்கே வந்து, "குப்பத்துக்கு எந்த நாள் வரலாம்மா?" என்றார். என்னைத்தான் கேட்டார்! ஐந்தாவதுதான் படித்தேன், ஆனாலும் பட்டினப்பாக்கத்தில் பேசத் தெரிந்தவள் நான்தானே.
"ஆடி மூணாம் வெள்ளி வா சார். எங்க அம்மன் கடல்ல குளிக்கிற நாளு. அன்னிக்குப் பாரு எங்க ஊர!"

1 ஆகஸ்ட், வெள்ளி
அம்மன் இறங்கும் மணலில் படகு, வலை, ஒரு துண்டுக் கயிறுகூடக் கிடக்கக் கூடாது. நாற்பது படகையும் நேற்றே பக்கத்துக் குப்பத்துக்குத் தள்ளிவிட்டோம். மணல், பெருக்கிய வாசல் போல இருந்தது. சார் வந்தார், அளந்தார், படம் எடுத்தார், இரண்டு சொம்பு கூழ் குடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

20 ஆகஸ்ட், புதன்
வரைபடம் ஒட்டிவிட்டார்கள். பொடி எழுத்து, பேத்தி சிந்து படித்துக் காட்டினாள். எங்கள் மணலில் 'காலி இடம்' என்று போட்டிருக்கிறது. இதுவே முடிவானால் அங்கே நடைபாதை வரும். படகை எங்கே ஏற்றுவது?
"ஆயா, நீதானே அன்னிக்கு வரச் சொன்ன?"

21 ஆகஸ்ட்
மணலை ஒழித்து வைத்த நாளாகப் பார்த்து அவரை வரச் சொன்னது யார்? நானா? நானேதான்.

25 ஆகஸ்ட், திங்கள்
ஆட்சேபம் சொல்லும் கூட்டம். மைக்கை நானே வாங்கினேன்.
"தப்பு என்னுது. சாமிக்கு ஒதுக்கி வச்ச எடத்த காலின்னு எழுதிட்டீங்கோ. கல்யாணத்துக்கு வூட்ட ஒழிச்சு வச்சா, அது ஆளில்லாத வூடா சார்?"
கூட்டம் சிரித்தது. எந்தப் படகு எங்கே நிற்கும் என்று என் கையால் எழுதிய தாளையும் கொடுத்தேன். எழுத்து கோணல்தான். ஒரு படகும் விடுபடவில்லை.
"திரும்ப அளக்கிறேன். எந்த நாள் வரட்டும்மா?" என்றார் சார்.
"நாள் சொல்ல மாட்டேன். சொல்லாம வா."

4 செப்டம்பர், வியாழன்
நேற்று சார் வந்துவிட்டுப் போனாராம். நான் அபிராமபுரத்து வாடிக்கை வீட்டுக்கு வஞ்சிரம் கொடுக்கப் போயிருந்தேன். சிந்துதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.
"எறங்கினதும் கால் வலையில மாட்டிக்கிச்சு ஆயா. டேப்பு நீட்ட எடமில்ல. நம்ம ஆளுங்க வலைய பின்னிக்கினே, 'சுத்திப் போ சார்'னுட்டாங்க."
'காலி இடம்' என்பதை அடித்து, 'படகு நிறுத்தும் இடம், வலை காயும் இடம்' என்று அங்கேயே எழுதினாராம்.
அடுத்த ஆடிக்கும் அவரை அழைப்பேன். கூழ் குடிக்கட்டும். டேப்பை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.