வெறும்பூ கிள்ளிய வருஷம்

கெடைனை,
ஆகஸ்டு 27

அன்பு மகள் வைதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஆர்னஸும் அங்கே பெர்கனில் நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நான் போன் பண்ணினால் நீ எடுக்கமாட்டாய், அதனால்தான் காகிதம். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, உன் அம்மாவைப் பற்றிய சேதி இருக்கிறது.

அம்மாவுக்கு இதய வால்வை மாற்றச் செப்டம்பர் இருபதாம் தேதி குறித்திருக்கிறார்கள். மே மாதத்திலிருந்தே குனியக்கூடாது, வாளி தூக்கக்கூடாது என்று உத்தரவு, அதனால் இந்த வருஷம் வெள்ளரித் தோட்டம் என் தலையில் விழுந்தது. முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவனுக்கு வெள்ளரியைத் தேன் தொட்டுத் தின்னத் தெரியும், வளர்க்க என்ன தெரியும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள், நான் செய்தேன். கடைசி உறைபனி போனதும் விதை போட்டேன், பீப்பாயில் வெயில் பட்ட தண்ணீரைத்தான் ஊற்றினேன், ஒவ்வொரு கொடியாக நூலில் சுற்றிப் பந்தலில் ஏற்றினேன். உங்கள் கல்யாணத்துக்கு அடுத்த கோடையில் ஆர்னஸ் இரும்புக்குழாயை வெட்டிப் பற்றவைத்துத் தந்தானே, அதே பந்தல்தான், இன்றுவரை ஒரு மூட்டுகூட விடவில்லை. ஜூலையில் பந்தல் முழுக்க மஞ்சளாகப் பூத்தது, அம்மா முகத்தில் கொஞ்சம் சிரிப்பைப் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். பாதிப் பூவுக்குப் பின்னால் பிஞ்சே இல்லை, வெறும்பூ, கொடியின் சத்தைத் தின்கிறது என்று நானே முடிவு கட்டி, அவளைக் கேட்காமல் தினம் காலையில் கிள்ளிக் கிள்ளி எறிந்தேன். இரண்டு வாரம் ஒன்று விடாமல். மிச்சம் நின்ற பிஞ்செல்லாம் சுண்டுவிரல் நீளம் வந்ததும் மஞ்சளடித்து உதிர்ந்தது. பக்கத்து வீட்டு கெனோவைத்தே வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஆம்பளைப் பூவ எல்லாம் மொட்டையடிச்சுட்டு பிஞ்சு ஏன் நிக்கலன்னு என்னைக் கேக்குறியே ஸ்டெபோனஸ், தேனீ என்னத்தத் தூக்கிட்டுப் போகும் என்றாள். நானும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒனக்குத்தான் வெறும்பூன்னா எப்பவுமே ஆகாதே என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்து ஒருவரையொருவர் மன்னிக்க வேண்டிய சாப்பாட்டில், என் தம்பி குடும்பம் எல்லோர் முன்னாலும், கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, நம்ம மாப்பிள்ளை வெறும்பூ போலிருக்கு என்று சொன்னவன் நான். ஆர்னஸ் கரண்டியை வைத்துவிட்டுக் கோட்டுகூடப் போடாமல் பனியில் இறங்கினான், நீ அவன் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாய். ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு இவ்வளவா என்று மூன்று வருஷமும் முறைத்துக்கொண்டு இருந்தேன். இப்போதுதான் அம்மா வாய் திறந்தாள். அந்த வாரம்தான் உனக்கு மூன்றாம் மாதம் கலைந்திருந்தது, பண்டிகை நாளில் பெரியவர்களை அழவைக்க வேண்டாம் என்று ஆர்னஸ்தான் உன்னைச் சொல்லவிடவில்லை. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை வைதா. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு எங்களுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அப்படிச் சொன்னேன். தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. இதை ஆர்னஸுக்குப் படித்துக் காட்டு, கேட்க அவனுக்கு மனமில்லையென்றால் வற்புறுத்தாதே.

ஆபரேஷனுக்கு முன்னால் உங்களைப் பார்க்க அம்மா தவிக்கிறாள். ஆனால் ரெண்டு பேரும் வந்தா வரட்டும், புருஷன விட்டுட்டு வைதா மட்டும் வாசப்படி ஏற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என் முகத்தில் விழிக்க ஆர்னஸுக்கு எந்த அவசியமும் இல்லை. அதனால் பதினைந்தாம் தேதி நான் பனவேஜிஸில் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன். சாவி கெனோவைத்தேயிடம் இருக்கும். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆர்னஸே கூட்டிப்போகட்டும், கையெழுத்துக் கேட்டால் நீ போடு. நான் போகப்போவதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, தெரிந்தால் கோபத்திலும் என்னை விடமாட்டாள்.

கடவுள் உங்கள் இருவருக்கும் நிறைந்த ஆயுசைக் கொடுக்கட்டும். காலையில் இப்போதே குளிர்கிறது, கனமான துணி எடுத்து வாருங்கள். வருகிறீர்களா என்று அம்மாவுக்குச் சொன்னால் போதும், என்னிடம் பேச வேண்டாம். அவள் கண் விழித்ததும் மட்டும், யாராவது ஒருவர், எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்டெபோனஸ்