தலைவர் குடிக்காத தண்ணீர்

1971, மாசி, வியாழன் இரவு

இன்று எம்.எல்.ஏ. மறுபடியும் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். போன தேர்தலில் அவருக்காகச் சைக்கிளில் கொடி கட்டி ஊர் ஊராக அலைந்தவன் நான். இன்றும் மாலையோடு நான்தான் முன்னால் நின்றேன்.

நல்ல வெயில். என் மனைவி சிவகாமி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். எம்.எல்.ஏ. வாங்கி உள்ளே பார்த்துவிட்டு டிரைவரிடம் நீட்டினார். காரிலிருந்து அவருக்குச் சோடா வந்தது.

அவள் குரலை உயர்த்தவேயில்லை. "போன தடவை இதே ஊருணித் தண்ணியக் குடிச்சுட்டுத்தான் தூர் வாரித் தாரேன்னு சொல்லிட்டுப் போனீக. இப்ப உங்களுக்கே இது எறங்கல. நாங்க தினமும் இதத்தான் குடிக்கிறோம்."

தெருவே நின்று கேட்டது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு உள்ளே போய்விட்டார்கள். பொண்டாட்டியை அடக்கு என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். மாலை என் கையிலேயே இருந்துவிட்டது.

நாளைக்குக் கட்சிக்காரர்கள் என்ன சொல்வார்களோ. என் கிளைச் செயலாளர் பதவி போகும். போகட்டும். எத்தனை மேடையில் பேசியிருப்பேன், ஒரு நாளும் என் பேச்சுக்குக் கூட்டம் இப்படி நின்றதில்லை.

தாகமாக இருந்தது. சிவகாமி தலைமாட்டில் செம்பை மூடி வைத்திருந்தாள். கலங்கல்தான். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.