ஆறாம் தொட்டிக்கு ஏணி இல்லை

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எனக்கு மூக்கு செத்து எட்டு மாதம் ஆகிறது. அந்தக் காய்ச்சலோடு போன வாசனை திரும்பவே இல்லை. அடுப்பில் எல்லாம் தீய்ந்து கருகிய அன்றுகூட, "சமையல் மணம் தெருவரைக்கும் வருது" என்று உன் அண்ணியைப் புகழ்ந்தேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஆலையில் என் பெயரே மூக்கு என்பது உனக்குத் தெரியும். மக்காச்சோள மாவை வேகவைத்து, சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டு ஆல்கஹாலாக நொதிக்கவிடும் ஆறு தொட்டிகளையும் தினமும் ஏறி முகர்ந்து, எது சரி, எது புளிக்கப் பார்க்கிறது என்று நான் சொன்னால்தான் வேலை நகரும். உன் ஆய்வகத்தில் அமில அளவு தெரிவதற்குள் என் மூக்கு தீர்ப்புச் சொல்லிவிடும் என்று உன்னிடமே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன். அந்த மூக்கு போய்விட்டது என்று எந்த முகத்தோடு சொல்வேன்? முகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே நாக்குக்கு மாறினேன். சட்டைப் பையில் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி. மேலே ஏறி, மூடியைத் திறந்து, முகர்வதுபோல் குனிந்து, ஒரு வாய் மொண்டு நக்கிப் பார்ப்பேன். கரண்டியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போவேன். இப்படி ஒன்றிலிருந்து ஐந்துவரை. ஆறாவதன் ஏணி இற்றுப்போய் வெல்டர் கழற்றிக்கொண்டு போனது இன்னும் வரவில்லை. அதற்குக் கீழே நின்றபடியே ஆசீர்வாதம் செய்துவிட்டு, சரி என்று சொல்லிவிடுவேன்.

முதல் தொட்டி புளித்தபோது நீதான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, "குச்சி குச்சியா பாக்டீரியா கிடக்குதுண்ணே" என்றாய். அவை சர்க்கரையைத் தின்று அமிலமாகக் கக்க, ஈஸ்ட் அதிலேயே செத்தது. நீராவி விட்டோம். காஸ்டிக் சோடாவால் கழுவினோம். குழாய் வளைவுகளைக் கழற்றிச் சுரண்டினோம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை மூன்று மடங்காக்கினோம். அவை மருந்துக்கும் பழகிக்கொண்டன. நீ மட்டும், குழாயில் ஒன்றுமில்லை, ஆள் கையால்தான் தொட்டிக்குத் தொட்டி போகிறது என்று எழுதிக்கொடுத்தாய். மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நீ மாதிரி எடுக்கும் புட்டிகள்தான் அழுக்கு, அதிலிருந்துதான் எல்லாம் பரவியது என்று உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். அவர் அதைச் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். மேலே மின்விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ரொம்ப அக்கறையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீ போனபிறகும் புளிப்பு நிற்கவில்லை. உன் நாற்காலிக்கு வந்த புது ஆள் மைக்ரோஸ்கோப்பில் தன் இமை முடியைப் பார்த்துப் புது வகைக் கிருமி என்று அறிக்கை எழுதினார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். போன வாரம் ஐந்து தொட்டிகளையும் சாக்கடையில் திறந்துவிட்டோம். அன்று தேநீர் நேரத்தில் ஃபிட்டர் சும்மா இருக்காமல், "மூக்கண்ணன் ஏறாத தொட்டி மட்டும் ஜம்முனு இருக்குப்பா. அவரு மூச்சு பட்டுத்தான் மத்ததெல்லாம் கெட்டுப்போச்சு போல" என்றான். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நான்தான் உரக்கச் சிரித்தேன். பிறகு கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு கரண்டியைப் பார்த்தபடி நின்றேன். எதற்கும் ஒரு கிண்டல் தோன்றுமே எனக்கு, அன்று ஒன்றும் தோன்றவில்லை.

இன்று மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கரண்டியை மேஜையில் வைத்தேன். "நக்கியா பாத்தீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் சார், இத்தனை மாதமாக என்றேன். குடித்துக்கொண்டிருந்த தேநீரைத் தள்ளிவைத்தார். உன்மேல் தப்பில்லை என்று திங்கட்கிழமை நடக்கும் உன் விசாரணையில் எழுதிவிடுவதாகச் சொன்னார்.

அந்த வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து, புட்டியை நாம்தான் சரியாகக் கழுவவில்லையோ என்று நீ புலம்புவதாக அண்ணி சொன்னாள். டம்ளரையும் தட்டையும் திரும்பத் திரும்பக் கொதிநீரில் போட்டு எடுக்கிறாயாம். விரலெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கிறதாம். போதும்மா. கைக்கு ஏதாவது தடவிக்கொள். உன் கை சுத்தம். உன் பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன்தான் அழுக்கு. திங்கட்கிழமை வந்துவிடு. தலை நிமிர்ந்து உள்ளே போ. என்னிடம் பேச வேண்டாம், என் பக்கம் திரும்பவும் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாயிருந்தால் போதும்.

உன் அண்ணன்

பி.கு.: மேனேஜரிடம் சொன்னதாக எழுதியது நாளைக்கு நடக்கவேண்டியது. இன்று அவர் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து யாரென்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.