பெயர் இல்லாத பட்டன்கள்

இன்று காலை ராஜபாளையம் பஸ்ஸில் ஃபோனில் புத்தகம் கேட்டுக்கொண்டு போனேன். கூட்டத்தில் இயர்போன் வயர் கழன்று, ஃபோன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "அடுத்த பக்கம், பட்டன்" என்றது.

"என்னத்தா சொல்லுது அது?" என்றார் பக்கத்து சீட்டு அம்மா.

"புத்தகம் வாசிக்குதும்மா. எனக்குக் கண்ணு தெரியாது."

"அம்புட்டையும் அதுவே வாசிச்சிருமா? யாரு இதையெல்லாம் பண்ணி வச்சது?"

உன் பேரைச் சொல்லியிருக்கலாம். "யாரோ கம்பெனிக்காரங்க" என்று சொல்லிவிட்டு வயரைச் சொருகிக்கொண்டேன். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னமும் உன்னை ஒருவரிடம் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை உன்னிடமே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பார்வையற்றோர் பள்ளி விடுதியில் வாசிப்பில் நான்தான் முதல் ஆள். உனக்கு ஞாபகம் இருக்கும். பிரெயிலில் வந்த கதைப் புத்தகங்கள் நமக்கு மொத்தம் நாலோ ஐந்தோதான். சாயங்காலம் அதில் ஒன்றை மடியில் வைத்து நான் விரலை ஓட்டினால் இருபது பிள்ளைகள் சுற்றி உட்காரும். மம்சாபுரத்திலிருந்து புதிதாக வந்திருந்த நீ என் முழங்கால் ஓரமாக உட்கார்ந்து, "ஏட்டி, நிறுத்தாம வாசி" என்பாய். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி வேண்டுமென்றே நிறுத்துவேன். உன்னைக் காக்க வைப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

பிறகு நீ ராஜபாளையத்தில் சரித்திர டீச்சர் ஆனாய். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். இரண்டு பேரும் லேப்டாப் வாங்கினோம், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுக்கொண்டோம். அங்கேதான் நீ என்னைத் தாண்டிப் போனாய். அந்தக் குரலை எவ்வளவு வேகமாக வைத்துக் கேட்பாய் நீ. மிளகாய் அரைக்கிற மிஷின் சத்தம் மாதிரி இருக்கும், அதில் நீ கதையைப் புரிந்துகொண்டு சிரிப்பாய். நானும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் அதே வேகத்தில் வைத்து ஒரு முழுப் புத்தகத்தை ஓட்டினேன். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. படித்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன்.

தமிழ் மின்னூல்கள் விற்கிற அந்தச் சாஃப்ட்வேர் வந்தபோது நமக்குப் பைத்தியமே பிடித்தது. ஆயிரக்கணக்கில் புத்தகங்கள். ஆனால் அதில் எந்தப் பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை. கண் தெரிந்தவர்களுக்குப் படம் போதும். நமக்கு, கீயைத் தட்டத் தட்ட, "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். பக்கத்தைத் திருப்பப் போய் புத்தகத்தையே அழித்துவிட்டு நான் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். நீ அழவில்லை. எத்தனையாவது தட்டலில் எது வரும் என்று எண்ணி மனப்பாடம் செய்தாய். யார் கேட்டாலும் ஃபோனில் சொல்லிக்கொடுத்தாய். நம்மோடு விடுதியில் இருந்த பிள்ளைகள், என் வாசிப்பைக் கேட்ட அதே பிள்ளைகள், எனக்கு ஃபோன் போட்டு உன் நம்பரைக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அன்றைக்கெல்லாம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன்.

நீ அந்தக் கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் எழுதினாய். கடைசியில், பார்வையில்லாத வேறு யாருக்காவது இதே சிக்கல் உண்டா என்று கேட்டார்கள். நீ என் பேரைக் கொடுத்தாய். அவர்கள் எனக்கு எழுதினார்கள். நான் பதில் எழுதினேன்: "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, நன்றாகவே வேலை செய்கிறது."

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாய். "உனக்கு நல்லா வேலை செய்யுதாம், கோளாறு என் கம்ப்யூட்டர்லதான்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. உன்னோடதுல எப்படிப் பேசுதுன்னு கேட்டுட்டுப் போறேன்" என்றாய். மறுக்க முடியவில்லை. என் லேப்டாப்பைத் திறந்து தட்டினாய். பட்டன். பட்டன். பட்டன். பத்துப் பதினைந்து முறை தட்டியிருப்பாய். பிறகு கையை எடுத்துவிட்டாய்.

"உனக்கும் இப்படித்தானே சொல்லுது. பொறவு ஏன் அப்படி எழுதின?"

பொய் சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. "எல்லாத்தையும் நீயே கண்டுபிடிக்க, எல்லாரும் உன்னையே கேக்காங்க. எனக்குப் பொறுக்கல" என்றேன்.

நீ கிளம்பிவிடுவாய் என்று நினைத்தேன். "ஹாஸ்டல்ல நீ வாசிக்கும்போது எனக்கும் இப்படித்தான் எரிஞ்சது" என்றாய். "ஆனா நான் உன் புத்தகத்தைக் கிழிக்கலையே."

நீ லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தி, "எழுது. முன்னாடி எழுதினது தப்புன்னு எழுது" என்றாய். என்ன காரணம் சொல்வது என்று கேட்டேன். "காரணம் அவங்களுக்கு எதுக்கு? அது நமக்குள்ள கிடக்கட்டும்."

சில மாதம் கழித்து புதிய பதிப்பு வந்தது. எல்லாப் பட்டனுக்கும் பெயர் இருந்தது. எந்தச் சொல் வைத்தால் சட்டென்று புரியும் என்று கம்பெனிக்காரர்கள் உனக்கே ஃபோன் செய்து கேட்டு வைத்தார்களாம். பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ சொல்லவில்லை. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பழைய எரிச்சல் கூடத்தான் செய்தது. நான் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் உன் சொல்லைக் கேட்டுத்தானே உள்ளே போக வேண்டியிருக்கிறது.

உனக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், அவ்வளவுதான். இப்போது உனக்கு வந்த ஃபோன்கள் எனக்கு வருகின்றன. பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முடித்ததும் உன்னை நினைத்து, "அவிய சொன்னா இன்னும் லேசாப் புரியும்" என்கிறார்கள். இல்லாத ஆளோடும் எனக்குப் போட்டி ஓயவில்லை, பார்.

போன மாதம் உன் வீட்டுக்காரர் உன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்வித்தாள் ஒன்று அதில் இருக்கிறதாம். எடுத்துக் கொடுத்த பிறகு, கை சும்மா இருக்காமல் அந்தச் சாஃப்ட்வேரைத் திறந்தேன். நீ படித்துக்கொண்டிருந்த நாவல் முக்கால்வாசியில் நின்றிருந்தது. கணவனிடம் கோபித்துக்கொண்டு போனவள் ஊர் எல்லையில் பஸ்ஸுக்காக நிற்கிறாள். அங்கே நிறுத்தியிருக்கிறாய்.

அதே நாவலை நான் வாங்கினேன். வேகத்தைக் கூட்டாமல், எனக்குப் புரிகிற நிதானத்தில் வைத்து நான்கு நாளில் கேட்டு முடித்தேன். அவள் பஸ் ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பினாளா என்பது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. விடுதியை விட்ட பிறகு முதல் தடவையாக ஒரு புத்தகத்தில் உன்னை முந்தியிருக்கிறேன்.

அந்த முடிவை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.