ஐந்தாம் பெட்டி இருக்கும் மேடு

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே வால் எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மாவும் நலம், மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி என்பதால் அந்த நலத்தை வாரக் கடைசியில்தான் பார்க்க முடிகிறது. அப்பாவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். அதனால் அவர் நலமா என்பதைக் கடைசியில் நீயே முடிவு செய்துகொள்.

உன் புது நம்பரை நீ யாருக்கும் தரவில்லை. விலாசம் மட்டும் அம்மாவின் கைப்பையிலிருந்து எனக்குத் தானாகக் கிடைத்தது. கைப்பையும் தானாகத்தான் திறந்தது.

நீ போன பிறகு உன் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. காட்டில் மரம் மரமாகக் கட்டியிருக்கும் ஒலிப்பதிவுப் பெட்டிகளுக்கு அப்பாவோடு போய் பேட்டரி மாற்றுவது, கார்டைக் கழற்றி வந்து லேப்டாப்பில் ஏற்றுவது எல்லாம் இப்போது நான்தான். எந்தக் குரல் எந்தப் பறவை என்று லேப்டாப்பே பிரித்து, குரல் கேட்ட இடத்தில் வரைபடத்தில் புள்ளி வைக்கிறது. அதற்குச் சந்தேகம் வந்தால் நான் ஹெட்போன் மாட்டிக் கேட்டு சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். மனுஷர்கள் சொல்வதையே காது கொடுத்துக் கேட்காதவளைத் தவளை கத்துவதைக் கேட்க வைத்துவிட்டார்கள்.

நீ இல்லாமல் குறும்பு செய்வது தனியாக கேரம் ஆடுவது மாதிரி இருக்கிறது. பழக்கதோஷத்தில் உன் தலையணை மேல் ரப்பர் பல்லி ஒன்றை வைத்தேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. விளக்கைப் போடும்போதெல்லாம் இப்போது நான்தான் பயப்படுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வரைபடத்தில் புதிதாக ஒரு ஆந்தை முளைத்தது. இந்த மலையிலேயே கிடையாது என்று எல்லோரும் சொல்கிற சின்ன ஆந்தை. முதல் பெட்டியில் ஒரு புள்ளி, இரண்டாம் பெட்டியில் ஒரு புள்ளி, ஓடை தாண்டி ஒன்று, மேட்டில் ஒன்று. அப்பா நடக்கும் ஒற்றையடிப் பாதை முழுக்க ஆந்தை. அதுவும் பட்டப்பகலில் கத்தும் ஆந்தை.

ஹெட்போனை மாட்டினேன். பெட்டியைத் திறந்தால் அதன் எண்ணையும் வானிலையையும் சொல்லித் தொடங்குவது அப்பாவின் வழக்கம்தானே. “ரெண்டாம் பெட்டி. மேகமூட்டம். காத்து இல்ல” என்றது அவர் குரல். பெட்டியை மூடும் சத்தம். அப்புறம் ஒரு விசில். இரண்டு சுரம், ஏறுமுகமாக. லேப்டாப் ஆந்தை என்று புள்ளி வைத்தது இதற்குத்தான்.

உனக்குத் தெரிந்த விசில்தான். நீ பின்தங்கிவிட்டால் அப்பா அடிப்பாரே, எங்கேயோ புதருக்குள்ளிருந்து நீ மூன்று சுரத்தில் இறங்குமுகமாகப் பதில் அடிப்பாயே, அதே விசில். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இலைச் சத்தம் மட்டும். அப்புறம்தான் அவர் பூட்ஸ் நடந்து போகிறது. எல்லாப் பெட்டியிலும் இப்படியே இருக்கிறது. அவர் நின்று பார்க்கிறார், அக்கா.

அந்த நேரம் பார்த்து டீயும் கையுமாக அப்பா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். புள்ளிகளைப் பார்த்ததும், “ஏய் வாலு, நெசமாவா? குடு, நானும் கேக்கறேன்” என்று கையை நீட்டினார். நீ போனதிலிருந்து அந்த முகத்தில் நான் அவ்வளவு வெளிச்சம் பார்த்ததில்லை.

ஹெட்போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். விசிலைக் கூட அவர் கேட்டுவிடலாம், அதற்குப் பின்னால் வரும் அந்த இலைச் சத்தத்தைக் கேட்கவேண்டாம் என்று தோன்றியது. “அது நான்தாம்ப்பா, சும்மா வெளையாட்டுக்கு விசிலடிச்சேன்” என்று சொல்லிவிட்டேன். செய்த குறும்பையே ஒப்புக்கொண்டதில்லை நான். செய்யாததை ஒப்புக்கொண்டேன்.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை. “சரி, அழிச்சிரு” என்றார். டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புள்ளிகளை அழிக்கும்போதுதான் கார்டின் தேதி கண்ணில் பட்டது. நான் கால் சுளுக்கிப் படுத்திருந்த வாரம் அது. அப்பா தனியாகக் காட்டுக்குப் போன வாரம். பாத்ரூம் வரைக்கும் என்னைத் தாங்கிக் கூட்டிப்போனவருக்கு அது மறந்திருக்குமா? நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும். எதை மறைக்க அப்படிச் சொன்னேன் என்பதும் தெரிந்திருக்கும்.

நேற்று புதுக் கார்டு வந்தது. எனக்குப் பரீட்சை என்பதால் அப்பா மறுபடி தனியாகத்தான் போயிருந்தார். ஒரு பெட்டி விடாமல் கேட்டேன். எண், வானிலை, மூடும் சத்தம், உடனே பூட்ஸ். விசில் இல்லை. நிற்கவும் இல்லை. லேப்டாப்புக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வரைபடம் சுத்தமாக இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ டவுன் வேலைக்குப் போனது தப்பில்லை. “போறதுன்னா போ, திரும்பிப் பாக்காத” என்று அவர் சொன்னதுதான் தப்பு. அவருக்காக வாதாட நான் வக்கீல் இல்லை. வீட்டுக்கு வா என்றுகூட எழுத மாட்டேன். வந்தால் பல்லியை நீதான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை தோறும் காலையில் அவர் பெட்டிகளுக்குப் போகிறார். காட்டிலேயே ஐந்தாம் பெட்டி இருக்கும் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும் என்பது உனக்கே தெரியும். வெயில் ஏறுவதற்குள் அங்கே வந்துவிடுவார். அவர் நம்பர் மாறவில்லை. கூப்பிடு. பேச வேண்டாம், அவருக்கும் பேச வராது. அந்த மூன்று சுரத்தை மட்டும் அடி. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப் அதற்கு எந்தப் பறவையின் பெயரை வைத்தாலும் சரி, அந்த இடத்தில் நான் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன். அழிக்க மாட்டேன்.

நீ எங்கிருந்தாலும் உன் விசில் உன்னோடு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வால்