வேலையே இல்லாமல் நடந்த நேர்முகத் தேர்வு

அனுப்புநர்:
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் முன்னாள் மேற்பார்வையாளர்,
மாடி வீடு, மருத்துவமனைப் பின்தெரு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
உளவியல் ஆய்வு நிலையம்.

பொருள்: மன அழுத்தத்தை அளப்பதற்காக என்னை ஏமாற்றி நடத்திய நேர்முகத் தேர்வு – முடிவு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த வணக்கம் தங்களுக்கு மட்டும். தங்கள் ஆய்வுக்கூடத்தார் எவருக்கும் அல்ல.

1. சலவைக்கூடத்தை ஒப்பந்தத்துக்கு விட்டதில் என் வேலை போயிற்று. தங்கள் நிலைய வாசலில் ‘ஆட்கள் தேவை’ என்று ஒட்டியிருந்தது. ஆட்கள் தேவை என்றால் வேலைக்கு என்றுதானே ஊர் உலகத்தில் அர்த்தம்? ஆய்வில் கலந்துகொள்ள என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததாம். போனில் பேசிய பெண்ணும், “நேர்முகத் தேர்வு இருக்கு, நல்லா தயார் பண்ணிட்டு வாங்க” என்றாள்.

2. போனதும் வாயில் பஞ்சுச் சுருளை வைத்து எச்சில் எடுத்தார்கள். மார்பில் ஒயர் ஒட்டினார்கள். உடல் தகுதிப் பரிசோதனை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

3. பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட மூன்று பேர் முன்னால் நிறுத்தி, கேமராவையும் ஓடவிட்டு, இந்த வேலைக்கு நான் ஏன் பொருத்தம் என்று பேசச் சொன்னார்கள். பேசினேன் ஐயா. அறுவை அரங்கத் துணியையும் தொற்று வார்டுத் துணியையும் ஒருநாளும் கலக்க விட்டதில்லை என்றேன். கொதிகலன் பழுதான வாரம் அண்டாவில் கொதிக்கவைத்துத் துணி அனுப்பியதைச் சொன்னேன். மூன்றும் உம்மணாமூஞ்சிகள். ஒரு தலைகூட அசையவில்லை. அடுத்து, ஒரு பெரிய எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள். நான் தடுமாறும் போதெல்லாம், “தப்பு. முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்போதும் அவர்கள் எச்சிலைத்தான் எடுத்தார்கள்.

4. முடிந்தபின் ஆய்வு மாணவர் சிரித்துக்கொண்டே, “வேலைன்னு எதுவும் இல்லம்மா. பயந்தா எச்சில்ல என்ன ஏறுதுன்னு பார்க்கத்தான். அவங்களைச் சிரிக்கக் கூடாதுன்னு நாங்கதான் சொல்லி வச்சோம்” என்றார். நான் பேசியது எப்படி இருந்தது என்று கேட்டேன். “அதை யாரும் கவனிக்கல” என்றார். வயிறு எரிகிறது ஐயா. ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கவனிக்கவில்லை என்றதைப் பொறுக்க மாட்டேன்.

5. வரும் வெள்ளிக்கிழமை ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவுக்கு உண்மையான நேர்முகத் தேர்வு. வீட்டில் பேசிப் பார்க்க வாயைத் திறந்தால் அந்த மூன்று முகங்கள் வந்து நிற்கின்றன, பேச்சு நின்றுவிடுகிறது. “நீ ஏதாவது உளறியிருப்பே. அதான் கவனிக்கலன்னு சொல்லிச் சமாளிக்கிறாங்க” என்கிறார் என் கணவர். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. இதையும் கோட்டைவிட்டால் இந்த வயதில் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஆகவே, மன்னிப்பு எனக்கு வேண்டாம். அன்று நான் பேசியதைக் கேமராவில் பிடித்திருக்கிறார்கள். அந்த மூன்று பேரையும் உட்காரவைத்து, அதைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு வேலை இருந்திருந்தால் எனக்குக் கொடுத்திருப்பார்களா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மாட்டோம் என்றாலும் சரி. தெரியாமல் எழுந்து போவதாக இல்லை.

நாள்: செவ்வாய்க்கிழமை, அலுவலகம் திறந்ததும்
இடம்: தங்கள் நிலையத்தின் வரவேற்பறை, முதல் நாற்காலி

இப்படிக்கு,
(கையொப்பம்)
மேற்படி மேற்பார்வையாளர்